மே பதினொன்றாம் தேதிப் பக்கம்

ஜூலை 3, வியாழன்

காலை 6.30 பிரஷர் 150/90. மாத்திரை கொடுத்தாயிற்று. இரண்டு இட்லி, அரை டம்ளர் காப்பி. வயிறு போகவில்லை, மூன்றாவது நாள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அடுத்த செக்கப்புக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுகிறேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து பதினைந்து நாள் ஆகிறது. இடுப்பெலும்பில் தகடு வைத்து அனுப்பிவிட்டார்கள். நான் ஸ்கூல் ஆபீசில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதும் பெட்பேன் கழுவுவதுமாக இருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் எனக்கும் இடுப்பு இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஞானசெல்வம் டீச்சர் என்று அம்மாவின் பெயரைச் சொன்னால் பாளையங்கோட்டையில் இன்றும் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். படுக்கையிலும் ஹெட்மிஸ்ட்ரஸ்தான்.

"என்னட்டி எழுதுத? கொண்டா, பாக்கேன்."

"கண்ணாடிதான் ஒடஞ்சு கெடக்கே. எப்படிப் பாப்ப?"

"சரி பண்ணிக் கொண்டா."

விழுந்தபோது கண்ணாடியின் ஒரு பக்கம் நொறுங்கிவிட்டது. அது இல்லாமல் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நாளைக்குக் கடையில் கொடுக்க வேண்டும்.

ஜூலை 5, சனி

பிரஷர் 140/90. வயிறு போனது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மனசாரச் சொல்கிறேன்.

மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஹெப்சி போன் பண்ணினாள். பன்னிரண்டாம் தேதி வந்து ஒரு வாரம் இருக்கப்போகிறாளாம்.

யார் இந்த ஹெப்சி என்று டாக்டர் கேட்டால்? என் கூடப்பிறந்த தங்கை. 1994 மே மாதம் நாங்கள் நாலு பேர் மலேசியாவுக்குப் போனோம், மூன்று பேர் திரும்பி வந்தோம். எனக்குப் பதினாலு வயது, ஹெப்சிக்கு ஏழு. அங்கே இருந்த தங்கம் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தாயில்லாத அம்மாவை வளர்த்து ஆளாக்கியது அந்தப் பெரியம்மாதான். "எனக்குப் பிறக்கதுல ஒண்ணு உனக்கு" என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே அம்மா தன் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்குக்குப் போனவள் ஹெப்சி. அதிலிருந்து அவளுக்குப் பெரியம்மாதான் அம்மா. பெற்ற அம்மா சித்தி ஆகிவிட்டாள். இந்த முப்பத்தொரு வருஷத்தில் இரண்டே தடவைதான் வந்திருக்கிறாள், அதில் ஒன்று அப்பாவின் அடக்கத்துக்கு.

"அக்கா, அந்த ட்ரிப்ல நீங்க டைரி எழுதினீங்கல்ல? நீல அட்டை. அது இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"அம்மா அலமாரிய இப்பதான் ஒழிச்சேன். ஒரு சாமான் கெடச்சிச்சு. வந்து காட்றேன். டைரிய எடுத்து வைங்க."

பெரியம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அலமாரியில் என்ன கிடைத்ததோ தெரியாது. ஆனால் என்ன கேட்க வருகிறாள் என்று தெரியும். ஏன் நான், ஏன் நீ இல்லை. அந்த டைரி வேறு எதற்கு?

கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அம்மாவோடு இருந்துவிட்டவள் நான். அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருக்கப்போவது ஹெப்சி ஒருத்திதான். அவளும் இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று கஞ்சி கிண்டும்போது யோசித்தேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

பிரஷர் 140/85. கோயிலுக்குப் போகவில்லை. டைரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஹெப்சிக்கு அப்படியே மெசேஜ் போட்டுவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

டைரி கிடைத்துவிட்டது. நேற்றே கிடைத்துவிட்டது. உண்மையில் தேடவே இல்லை. பீரோவின் கீழ்த்தட்டில் அப்பாவின் பழைய சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது என்று முப்பத்தொரு வருஷமாக எனக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

பிரஷர் 140/90. ஃபிசியோதெரபிப் பெண் வந்து அம்மாவை வாக்கர் பிடித்து நாலு எட்டு நடக்க வைத்தாள். அம்மா அவளுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தாள்.

மதியம் அம்மா தூங்கியதும் டைரியைத் திறந்தேன். அப்பாவின் தபால் ஆபீசில் யாரோ கொடுத்த டைரி. என் கையெழுத்து அப்போது கோழி கிண்டியது போல இருந்திருக்கிறது.

"மே 3. ஈப்போ வந்துவிட்டோம். பெரியம்மா வீட்டில் எனக்கென்று தனி ரூம். புதுக் கட்டில், மேஜை, மேஜை விளக்கு. பத்து நாளைக்கு எதற்கு மேஜை என்று அம்மாவிடம் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு படு என்றாள்."

"மே 5. துரியான் பழம் தந்தார்கள். நாற்றம் தாங்கவில்லை. அப்பா மட்டும் மரியாதைக்காக நாலு சுளை சாப்பிட்டார். அதற்கப்புறம் அப்பா பக்கத்தில் போக முடியவில்லை."

"மே 6. மலைக்குள்ளே ஒரு சீனக் கோயில். ஆமைக் குளத்தில் ஹெப்சி ஒரு செருப்பைப் போட்டுவிட்டாள். ஆமை அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்."

"மே 7. பெரியம்மா என்னை மட்டும் சீனத் தையல்காரியிடம் கூட்டிப்போனாள். இங்கே ஸ்கூல் பிள்ளைகள் போடுகிற வெளிர்நீலப் பினஃபோர் கவுனுக்கு அளவெடுத்தார்கள். எனக்கு எதற்கு என்று கேட்டேன். பெரியம்மா சிரித்தாள். ஹெப்சிக்கு ஒன்றும் எடுக்கவில்லை. பாவம், அழுதாள்."

படிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்த வயதில் எனக்கு எதுவும் புரிந்திருக்காது. சின்னப் பிள்ளைதானே.

ஜூலை 9, புதன்

பிரஷர் 130/90.

மறுபடி டைரி. "மே 9. ஹெப்சிக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம் என்று நாள் முழுக்க அழுகை. நம் வீட்டுப் பூனைக்கு யார் சோறு வைப்பார்கள் என்று கேட்கிறாள். பெரியம்மா தூக்க வந்தால் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறாள்."

பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில், பென்சிலில் ஒரு டிக்.

அம்மாவின் டிக் அது. சின்னதாக இறங்கி நீளமாக ஏறும். நாற்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டுகளில் போட்டுப் போட்டு, எதைப் படித்து முடித்தாலும் கை தானாகப் போட்டுவிடும். கல்யாணப் பத்திரிகையில் போடுவாள். ஒரு தடவை எதிர்வீட்டுக்காரர் இரங்கல் நோட்டீசிலும் போட்டுவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்கினாள். மே 3 முதல் என் டைரியின் எல்லாப் பக்கத்திலும் அந்த டிக் இருக்கிறது.

மே 11 பக்கத்திலும் இருக்கிறது. அதுதான் கடைசிப் பக்கம். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதப்போவதில்லை. துணி ஊறிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பிரஷர் 130/80. கண்ணாடிக் கடைக்குப் போக நேரமில்லை.

"தெருமுனையில இருக்க கடைக்குப் போவ ஒரு வாரமாட்டி ஆவும்?" என்கிறாள் அம்மா. வேலை இருக்கிறவளுக்குத்தான் தெரியும்.

ஜூலை 12, சனி

பிரஷர் 150/90.

ஹெப்சி வந்துவிட்டாள். முப்பத்தெட்டு வயது, தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், சிரித்தால் அப்படியே அப்பா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பசியாறியாச்சா அக்கா?" என்றாள். அவர்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்பார்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதா சித்தி?"

"வந்துட்டியா" என்றாள் அம்மா. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு ஹெப்சி பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தாள். வெளிர்நீலப் பினஃபோர். ஒருநாள்கூட யாரும் போடாதது, மடிப்புகூடக் கலையவில்லை. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் வெள்ளை நூலால் "பியூலா" என்று தைத்திருந்தது.

"உங்க பேரு" என்றாள்.

"ம்."

"ஏழு வயசுப் பிள்ளைக்குத் தைக்கிற அளவு இல்ல அக்கா இது."

"டைரி கெடைக்கலன்னு மெசேஜ் போட்டனே."

"பாத்தேன்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். பினஃபோரை மறுபடி அதே மடிப்பில் மடித்து மேஜை மேலேயே வைத்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் தட்டு போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பிரஷர் 140/80. இரண்டு பேராகச் சேர்ந்து அம்மாவைக் குளிப்பாட்டினோம். இரண்டு பேர் பிடித்தால் அம்மா எவ்வளவு லேசு. இத்தனை நாளும் தனியாகத் தூக்கினேனே என்று எனக்கே என்மேல் பரிதாபமாக இருந்தது.

ஹெப்சிக்கு அம்மாவின் முதுகில் இருக்கிற மச்சம் எங்கே என்று தெரிந்திருக்கிறது. சோப்புப் போடும்போது அதில் விரலை வைத்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

பிரஷர் 140/90. ஹெப்சி யாரிடமும் கேட்காமல் உடைந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டாள். புதன்கிழமை சாயந்தரம் கிடைக்குமாம். இவளிடம் யார் கேட்டது?

ஜூலை 15, செவ்வாய்

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். எனக்குப் புரிந்துதான் இருந்தது. தனி ரூமைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. சீனத் தையல்காரி தோளில் டேப்பை வைத்தபோது முழுசாகப் புரிந்துவிட்டது. பெரியம்மா அவளிடம் பாதி மலாயும் பாதித் தமிழுமாக "ரெண்டு வருஷத்துக்குப் போடணும், கொஞ்சம் லூசா தையி" என்றாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? பெரியம்மா கேட்டது என்னைத்தான். வளர்ந்த பிள்ளை, கூடமாட இருக்கும் என்று.

பத்தாம் தேதி டைரியை எடுத்தபோது டிக்குகளைப் பார்த்தேன். எனக்கு வந்தது கோபம் இல்லை. வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பதினொன்றாம் தேதி மேஜை விளக்கைப் போட்டு, அடிக்கோடு போட்டு, நிறுத்தி எழுதினேன். "மே 11. இன்று ஹெப்சி என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாள். அவளுக்கு இந்த வீடு மிகவும் பிடித்துவிட்டதாம். ஊருக்கு வர மாட்டாளாம். பெரியம்மாதான் எனக்கு அம்மா என்று சொன்னாள். அம்மா வருத்தப்படுவாள், அம்மாவிடம் சொல்லிவிடாதே என்றாள். நான் சொல்ல மாட்டேன்."

ஹெப்சி அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

பதின்மூன்றாம் தேதி நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். ஹெப்சி தூங்கும்போது கிளம்பினோம். இந்த ஊரில், இந்த வீட்டில், அம்மாவோடு இருக்க வேண்டும் என்றுதான் அதைச் செய்தேன். இருக்கிறேன். பெட்பேன் கழுவிக்கொண்டு இருக்கிறேன். அலுத்துப்போன நாட்களில் அந்தப் புதுக் கட்டிலையும் மேஜை விளக்கையும் நினைத்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

காலை 150/90, மாலை 170/100.

பதினோரு மணிக்கு டைரியைக் கொண்டுபோய் ஹெப்சியிடம் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து படித்தாள். செருப்பு விழுந்த இடத்தில் சிரித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன், தேவைக்கு மூன்று மடங்கு உரித்துவிட்டேன்.

"இந்தக் கடைசிப் பக்கம் மட்டும் எழுத்து அழகா இருக்கு" என்றாள்.

"ஆமா."

"கீழ இது என்ன, பென்சில்ல?"

"அம்மா போட்டது. படிச்சா போடுவா."

அவள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாலரை மணிக்குக் கண்ணாடியை வாங்கி வந்தாள். அம்மாவுக்கு அவளே மாட்டிவிட்டாள். டைரியை விரித்து மடியில் வைத்தாள்.

"கண்ணாடி சரியா இருக்கான்னு இதப் படிச்சுப் பாருங்க சித்தி."

அம்மா மே 9 பக்கத்தைப் படித்தாள். பக்கத்தைத் திருப்பி மே 11 படித்தாள். அம்மா படிக்கும்போது உதடு அசையும். அசைவு நின்ற பிறகும் தலையைத் தூக்கவில்லை.

"ஒம்போதாம் தேதி வீட்டுக்குப் போவணும்னு நான் அழுதிருக்கேன். அத நீங்க படிச்சிருக்கீங்க" என்றாள் ஹெப்சி. "ரெண்டு நாள் கழிச்சு இங்கயே இருக்கேன்னு சொன்னதா எழுதியிருக்கு. அதையும் படிச்சிருக்கீங்க. எத நம்பினீங்க?"

"அவ அப்படிச் சொல்லவே இல்லம்மா. நான்தான் எழுதினேன். அத்தனையும் பொய்" என்றேன்.

"நீ சும்மா கெடட்டி. பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அம்மா.

ஹெப்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவளைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

"பதினாலு வயசுப் பிள்ள எழுதினத நம்பியா பெத்த பிள்ளையக் குடுப்பேன்? எங்கக்கா மூத்தவளத்தான் கேட்டா. இவள விட்டுட்டு என்னால வீடு திரும்ப முடியாதுன்னு தோணிட்டு. எல்லாத்துக்கும் இவதான் எனக்குக் கை. குடுத்த வாக்கையும் மாத்த முடியல. அப்பதான் இது கண்ணுல பட்டுது. உங்கப்பாட்ட இந்தப் பக்கத்தக் காட்டுனேன். பாருங்க, சின்னவளே ஆசப்படுதான்னு சொன்னேன். அக்காட்டயும் அதையே சொன்னேன். சின்னப் பிள்ளதான, சீக்கிரம் மறந்துரும்னு நெனச்சேன்."

"மறக்கல சித்தி" என்றாள் ஹெப்சி.

சத்தம் போடவில்லை, அழவில்லை. பிரஷர் எவ்வளவு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். முப்பத்தொரு வருஷமாக என் தலையில் நானே தூக்கிக்கொண்டு அலைந்ததில் பாதி அம்மாவுடையது. அதைத் தெரிந்துகொண்டே என் கையால் கஞ்சி குடித்திருக்கிறாள். "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாம்மா" என்று கேட்டேன். "நீயும் சொல்லலியே" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

160/100. யாரும் யாரோடும் பேசவில்லை. டாக்டர் கவனத்துக்கு: காரணம் உண்டு, மாத்திரையைக் கூட்ட வேண்டாம்.

ஜூலை 18, வெள்ளி

150/90. அம்மா வாக்கர் பிடித்து ஹால் வரைக்கும் வந்தாள்.

பாத்திரம் கழுவும்போது ஹெப்சி பக்கத்தில் வந்து நின்று துடைத்துக் கொடுத்தாள்.

"கோவமா இருக்கேன்க்கா. யாரு மேலன்னு சரியாத் தெரியல."

"எம்மேல கோவப்படு."

"உங்களுக்குப் பதினாலு வயசு."

"ஒனக்கு ஏழு."

அவள் ரெண்டு டம்ளரைத் துடைத்து முடித்துவிட்டு, "நான் அங்க நல்லாத்தான் வளந்தேன். அம்மா என்ன உள்ளங்கையில வச்சிருந்தாங்க. அதான் கஷ்டம். கஷ்டப்பட்டு வளந்திருந்தா உங்க ரெண்டு பேரையும் நல்லாத் திட்டிட்டுப் போயிடலாம்" என்றாள்.

மன்னித்துவிடு என்று கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

ஜூலை 19, சனி

140/90. ஹெப்சி கிளம்பிவிட்டாள்.

டைரியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். பினஃபோரை மேஜையில் விட்டுவிட்டாள்.

"இது உங்களோடது. டைரி எனக்கு வேணும்" என்றாள். "நான் வீட்டுக்குப் போவணும்னு அழுதது அதுல ஒரு எடத்துலதான் எழுதியிருக்கு. நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க."

அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். விழுந்த பிறகு அவ்வளவு தூரம் நடந்தது இன்றைக்குத்தான். "இனி எப்பம்மா வருவ?" என்று கேட்டாள். அம்மா யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"டிசம்பர்ல பிள்ளைங்களுக்கு லீவு. பாக்கலாம் சித்தி."

காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள். "தினம் போன் பண்ணுங்கக்கா. பிரஷர் என்னன்னு சொல்லுங்க." கார் திரும்பும்வரை நின்றேன். பூனைக்கு அப்போது யார் சோறு வைத்தது என்று அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர்தான் வைத்தார். போனில் சொல்ல வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

130/80. இரண்டு தோசை, ஒரு டம்ளர் காப்பி. வயிறு போனது. பூனை விஷயத்தை ஹெப்சியிடம் சொல்லிவிட்டேன். "நல்ல மனுசர்" என்றாள்.

நாளைக்கு செக்கப். காலையிலிருந்து அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏட்டி, அந்த நோட்டக் கொண்டா. டாக்டர்ட்ட போறதுக்கு முன்ன நான் ஒரு தடவ பாத்துருதேன்."

பிரஷர் எழுதிய பக்கங்களை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பதினைந்தாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றும் நினைத்தேன். இரண்டு தடவை விரல் அதன்மேல் போய்விட்டு வந்தது. கிழிக்கவில்லை.

அம்மா படிப்பாள் என்று தெரிந்தே நான் எழுதுவது இது இரண்டாவது தடவை. இந்தத் தடவை கையெழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. இந்த வரியை முடித்ததும் நோட்டை அம்மாவின் மடியில் வைக்கப்போகிறேன். பென்சிலையும் சீவி வைத்திருக்கிறேன்.